நிழற்படம் கேட்டவளும் நிழலை அனுப்பியவனும்

என் கொழுந்தனைத் தெருவில் எல்லாரும் ‘குனிஞ்ச தலை’ என்றுதான் சொல்வார்கள். குனிந்த தலை நிமிராத பெண் என்று பெற்றவர்கள் பீற்றிக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். அந்தப் பட்டத்தை நாற்பது வயது ஆண்பிள்ளை ஒருவன் வாங்கியது எங்கள் வீட்டில்தான். பார்ப்பவர்கள் அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கமாவது ஒன்றாவது! அவன் கழுத்தில் தொங்கும் கேமரா அப்படி. கறுப்புப் பெட்டி. முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கண்கள். மேல்மூடியைத் திறந்தால் உள்ளே சதுரமாக ஒரு கண்ணாடி. பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்தால்தான் எதிரே இருப்பது தெரியும். அதுவும் இடது பக்கம் இருப்பது வலதாகவும் வலது பக்கம் இருப்பது இடதாகவும் தெரியும். படச்சுருள் போட்டு எடுக்கிற பழைய சாமான். என் கணவரைவிட வயதில் மூத்தது. அவரைவிட நன்றாக வேலை செய்கிறது.

அவனுக்குப் பிழைப்பு லிஃப்ட் பழுது பார்ப்பது. இதுவரை அவன் ஏறி இறங்கிய உயரத்தையெல்லாம் கூட்டினால் நிலாவுக்குப் போய்விட்டு, வரும் வழியில் பாலும் வாங்கி வந்திருக்கலாம். பகல் முழுக்க லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் டார்ச்சும் கிரீஸுமாகக் கிடப்பான். வேலை முடிந்து மொட்டைமாடிக்கு ஏறி, மோட்டார் அறைக் கதவைத் தள்ளினால் வெயில் முகத்தில் அறையும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயிலின் அருமை லிஃப்ட் குழியில்தான் தெரியும் போலிருக்கிறது.

கேமரா வந்த கதையும் லிஃப்டில்தான் ஆரம்பம். ஒரு ஸ்டூடியோக்காரர் தன் கட்டடத்து லிஃப்டில், இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். இவன் போய்க் கதவை நெம்பி அவரை வெளியே இழுத்தபோது அவருக்குத் தாடி வளர்ந்திருந்தது என்று நான் சொல்வேன். அரை மணி நேரம்தான் என்று இவன் சாதிப்பான். தாடி வளர்ந்ததோ இல்லையோ, அந்த மனிதர் நன்றியில் உருகி, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த இந்தப் பெட்டியை இவன் கழுத்தில் மாட்டிவிட்டார். அன்றைக்குக் குனிந்த தலைதான்.

அவன் எடுப்பதெல்லாம் கட்டடங்களும் அவற்றின் நிழல்களும். பின்பக்கத்து இரும்பு ஏணி சுவரில் விழுவது, வளைந்து ஏறும் படிக்கட்டின் நிழல் தரையில் சுருண்டு படுத்திருப்பது, ஒரு மாடியின் தண்ணீர்த் தொட்டி அடுத்த கட்டடத்தின் மேல் நீர்யானையாக ஏறி நிற்பது. பால்கனிக் கம்பிகளின் நிழல் மூன்றாவது ஜன்னலைத் தொடும்வரை எதிர்ப்பக்கத்து நடைபாதையில் காத்திருப்பான். கட்டத்துக்குள் மனிதர்கள் வந்தால் கோழி விரட்டுவதுபோல் விரட்டுவான். நானும் தப்பியதில்லை.

“அண்ணி, கொஞ்சம் நகருங்க. உங்க நிழல் விழுது.”

“நான் நகர்ந்தா அதுவும் என்கூடத்தானே வரும்?”

“அதுக்குத்தான் சொல்றேன். ரெண்டு பேரும் சேந்தே போயிடுங்க.”

ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். ஆகையால் கருமியின் கையிலிருந்து உப்பு விழுவதுபோல்தான் அவன் விரல் அசையும். க்ளிக் என்றதும் பக்கவாட்டுக் குமிழைத் திருகி, “சுத்தியாச்சு” என்று வாய்விட்டுச் சொல்வான். தானாகச் சுற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் அந்தப் பெட்டிக்குக் கிடையாது. திருக மறந்தால், எடுத்த படத்தின் மேலேயே அடுத்த படமும் போய் உட்கார்ந்துகொள்ளும், இரண்டும் பாழ். ஆரம்பத்திலேயே ஒரு தரம் அப்படி ஆகி, நூலகத்தின் கோபுரத்தில் எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டி முளைத்தது. அன்றிலிருந்து இந்த மந்திரம். தூக்கத்தில் புரண்டு படுத்தால்கூட “சுத்தியாச்சு” என்பான்.

படம் கழுவுவது எங்கள் குளியலறையில். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, விளிம்பில் ஒரு சிவப்பு பல்பு, வாளிகளுக்கு நடுவே மூன்று தட்டுகள். உள்ளே புகுந்துவிட்டால் உலகம் அழிந்தாலும் கதவு திறக்காது. வெளியே என் கணவர் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்வார்.

“டேய், அவசரம்டா!”

“ஒரே ஒரு சுவர்ண்ணா. இப்பத்தான் மெதுவா மேல வருது.”

“எனக்கும் அதேதான்டா!”

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் செய்து பார்க்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனோம். திரும்பும் வழியில் என் கணவர், “எப்படிடா இருக்கு?” என்று கேட்டார். “பிரமாதம்ண்ணா. அந்த வளைவும், கைப்பிடியும்…” என்றான். மனிதர் பூரித்துப்போனார். பிறகுதான் அவன் சொன்னது மாடிப்படியை என்று தெரிந்தது.

“கழுதை கெட்டா குட்டிச்சுவர்னு உன்னைப் பாத்துத்தான்டா எழுதியிருக்கான்.”

“சுவர் இருந்தாத்தானேண்ணா சித்திரம்?”

இப்படியே நாற்பது ஆயிற்று. அவனுக்கு அதில் வருத்தமும் இல்லை, அவசரமும் இல்லை.

அப்போதுதான் என் சித்தி ஒரு சம்பந்தம் சொன்னாள். பெண்ணுக்கு முப்பத்தெட்டு. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. வண்டி வருகிறது, போகிறது, மன்னிக்கவும், வரவில்லை என்றெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்கிறாளே, அவளேதான். தன் கல்யாணத்தைத் தானே பேசிக்கொள்கிற பெண். இவன் நம்பரை வாங்கி இவனுக்கே செய்தி அனுப்பிவிட்டாள். நாள் முழுக்க ஒலிபெருக்கித் தமிழ் பேசுகிறவள் எழுதினால் எப்படி இருக்கும்? ‘தங்களின் அண்மைக்கால நிழற்படம் ஒன்றை அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

போட்டோ என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சாயங்காலம் அவன் செல்போனை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. “அண்ணி, கடைசியா விஷயம் தெரிஞ்ச ஒருத்தங்க கேட்டிருக்காங்க. இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு பாத்து, செல்போன்ல பிடிச்சு அனுப்பிட்டேன்.”

வாங்கிப் பார்த்தேன். பழைய நூலகத்தின் வாசல் படிகள். அவற்றின் மேல் அவனுடைய நிழல். படிக்கு ஒரு மடிப்பாக ஒடிந்து, விசிறிபோல் நீண்டு, தலை மட்டும் உச்சிப் படியில் தொப்பென்று கிடந்தது. வயிற்றருகே கேமராவின் நிழல் சின்னப் பானைபோல் துருத்திக்கொண்டிருந்தது.

“தம்பி, இது என்ன?”

“நிழற்படம்.”

“நிழற்படம்னா போட்டோப்பா!”

“போட்டோ வேணும்னா போட்டோன்னே கேட்டிருப்பாங்களே அண்ணி? என் நிழல், என் படம், போன மாசம் எடுத்தது. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

தமிழ் படித்தவள் நான். அகராதியை எடுக்கப் போனேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “விடு. கை கால் எல்லாம் எண்ணிப் பாத்துக்கட்டும்” என்றார்.

அனுப்பியது தப்பு என்று நான் சொல்லி அவனுக்குப் புரிந்தபின்தான் கூத்து ஆரம்பித்தது. இதற்கு முன் எத்தனையோ இடம் தட்டிப்போயிருக்கிறது. இவன் ஒரு வாய்ச் சோற்றைக் குறைத்ததில்லை. அன்றைக்குச் சாப்பாட்டை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

“என்னப்பா?”

“ஸ்டேஷன் லிஃப்டும் நான்தான் பாக்கறேன் அண்ணி. உள்ள கெடக்கறப்ப அந்தக் குரல் கேக்கும். வண்டி லேட்டுன்னு அவங்க சொன்னா எனக்கே ஏதோ நல்ல சேதி வந்த மாதிரி இருக்கும். யாருன்னு யோசிச்சதே இல்ல.” சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தான். அதுவே அதிசயம். “இது நடக்கணும் அண்ணி.”

வீடு, வாசல், வேலை என்று எதற்கும் அவன் ‘வேண்டும்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் பதில் வந்தது. ‘நிழற்படம் கிடைக்கப்பெற்றது. நிழலுக்கு உரியவரை ஞாயிறு பிற்பகல் மூன்றாம் நடைமேடையில் எதிர்பார்க்கிறேன்.’

என் கணவர் இரண்டு தரம் படித்தார். “வரச் சொல்றாளா, வழியனுப்பறாளா?”

துணைக்கு நான் போனேன். போகாமல் இருப்பேனா?

மூன்றாம் நடைமேடை என்பது நீளமான தகரக் கூரை, வரிசையாக இரும்புத் தூண்கள். கடைசியில் சுண்ணாம்பு அடித்த ஒரு பெரிய சுவர். சுவருக்கு முன்னால் இரும்புக் கையில் வட்டமான கடிகாரம் தொங்கியது. மாடியில் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை. அதற்குள்ளிருந்துதான் அவள் பேசுவாள் என்று இவன் காட்டினான். கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

பயத்தில் இருந்தவனுக்குக் கேமராதான் துணை. வண்டி ஒன்று போகும்வரை பொழுது போக்குகிறேன் என்று தூணையும் கூரையையும் எடுத்துத் தள்ளினான். க்ளிக், சுத்தியாச்சு. க்ளிக், சுத்தியாச்சு. வெயில் சாய்ந்ததும் கடிகாரத்தின் நிழல் நகர்ந்து வெள்ளைச் சுவரின் மேல் கரேலென்று வட்டமாக விழுந்தது. இவன் குனிந்தான். அதைக் கண்ணாடிக்குள் பிடிக்க ஒரு அடி, இன்னொரு அடி என்று தண்டவாளப் பக்கமாகவே பின்வாங்கினான். க்ளிக்.

அந்த நொடியில் தலைக்கு மேல் ஒலிபெருக்கி பேசியது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாம் நடைமேடையில் கேமராவுடன் குனிந்து நிற்பவர் மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டார். உடனடியாக முன்னால் வரவும். நன்றி.”

நடைமேடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இவன் தவளைபோல் ஒரே தாவாகத் தாவி என் காலை மிதித்தான். ஏதோ ஒன்று குறைந்ததாக எனக்குத் தோன்றியது. கால் வலியில் என்னவென்று பிடிபடவில்லை.

அவள் இறங்கி வந்தாள். ஒல்லியான உருவம், நரைத்த ஒரு கற்றை முன்நெற்றியில். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறவர்களுக்கு வரும் கன்னக்குழி. எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு இவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நிழல்ல இன்னும் உயரமா இருந்தீங்க.”

“சாயங்கால வெயில். அதான்” என்றான் இவன், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வந்த போட்டோலயே அதான் நல்லா இருந்துச்சு. மத்ததெல்லாம் கோட்டும் பவுடருமா இருக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “என் குரலை இந்த ஊரே கேட்டிருக்கு. மூஞ்சிய யாரும் பாத்ததில்ல. அடையாள அட்டைல இருக்கறதப் பாத்தா போலீஸ் தேடற ஆள் மாதிரி இருக்கேன். நீங்க என்னை ஒரு படம் எடுங்க. அதைப் பாத்துட்டு மத்ததைச் சொல்றேன்.”

இவனுக்கு முகம் வெளிறிவிட்டது. என் காதருகில், “அண்ணி, நான் ஆளை எடுத்ததே இல்ல. கட்டடம்னா நான் பாட்டுக்குப் பாப்பேன், அது என்னைப் பாக்காது” என்றான்.

“எடுப்பா” என்றேன், மிதிபட்ட காலை நீவிக்கொண்டே.

தூணின் நிழலில் ஒரு பெஞ்சு. அவள் உட்கார்ந்தாள். இவன் குனிந்தான்.

“கொஞ்சம் வலது பக்கம் வாங்க.”

வந்தாள்.

“இல்ல, வலது பக்கம்.”

இன்னும் வந்தாள்.

“ஐயோ, இன்னும் வலது…”

பெஞ்சு முடிந்துவிட்டது. அவள் எழுந்து பெட்டி தள்ளும் வண்டியருகே போய் நின்றாள். “இதுக்கு மேல வலது பக்கம் போனா அடுத்த ஸ்டேஷன்தான்” என்றாள்.

இடம் வலம் மாறித் தெரிகிற கண்ணாடி. இத்தனை காலம் அவன் எடுத்ததெல்லாம் சுவரும் தூணும். எந்தச் சுவரிடம் யார் ‘கொஞ்சம் நகருங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள்? விஷயம் புரிந்து நான் சிரித்த சிரிப்பில் புறாக்கள் கூரையை விட்டே பறந்தன. அவளும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போவதற்குள், க்ளிக்.

“சுத்தியாச்சு!” என்று கூவினான். அதுதான் கடைசிப் படம் என்று அவன் கணக்கு. எண்ணைக்கூடப் பார்க்காமல் சுருளை முடிவுவரை சுற்றிவிட்டான். அவளுக்கு அடுத்த வண்டி வந்துவிட்டது; மாடிக்கு ஓடினாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஈரச் சுருள் அவன் கையில் பாம்புச் சட்டைபோல் தொங்கியது.

“அண்ணி, அவங்க வரல.”

“எங்க வரல?”

“சுருள்ல. கடைசிக் கட்டம் காலியா இருக்கு.”

ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தோம். கடைசிக் கட்டம் வெறும் கண்ணாடிபோல் இருந்தது. அதற்கு முந்தின கட்டத்தில்தான் என்னவோ குழப்படி. வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கிற சுருளில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது. அப்படியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

“கடிகாரத்தை எடுத்தேன். மைக்ல கூப்பிட்டாங்க. தாவினேன். சுத்தல.”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நடைமேடையில் குறைந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

“அது மேலயே அவங்களையும் எடுத்துட்டேன். ரெண்டும் போச்சு. அன்னிக்குக் குப்பைத்தொட்டி மாதிரி.”

“எதுக்கும் போட்டுப் பாரு” என்று நானும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சிவப்பு வெளிச்சத்தில் காகிதத்தைத் தட்டில் நனைத்தான். வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது. வெள்ளைக் காகிதத்தில் முதலில் கூரையின் ஓரம் வந்தது, பிறகு கடிகாரத்தின் இரும்புக் கை, பிறகு சுவரில் விழுந்த அந்த வட்ட நிழல். அப்புறம் நிழலுக்குள்ளிருந்து ஒரு முகம் மெல்ல மிதந்து வந்தது. வெயில் பட்ட சுவரில் அவள் உருவம் மருந்துக்கும் இல்லை. வெளிச்சம் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. நிழல் விழுந்த அந்த வட்டத்துக்குள் மட்டும் நெற்றியும் நரைத்த கற்றையும் கன்னக்குழியும் மூக்கும் முழியுமாக அப்படியே உட்கார்ந்திருந்தன.

நானே ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனேன் என்றால் நம்புவீர்களா? என் கணவர் நம்பவில்லை. வெளியிலிருந்து கதவைத் தட்டி, “என்ன, உள்ள சத்தத்தையே காணோம்? ரெண்டு பேருக்கும் உயிர் இருக்கா?” என்றார்.

இவனோ தலையைத் தொங்கப்போட்டிருந்தான். “இதைக் காட்டினா தொழில் தெரியாதவன்னு நெனைப்பாங்க அண்ணி. இன்னொரு தடவை எடுக்கறேன்னு கேட்டுப் பாக்கறேன்.”

“உன் தொழில் லிஃப்டு. அது தெரியுமில்ல? எடுத்துட்டு வா.”

ஈரம் காய்ந்தும் காயாததுமாக ஒரு நோட்டின் அட்டைக்குள் வைத்துக்கொண்டு போனோம். அவள் நடைமேடைக்கு இறங்கி வந்து அதை வாங்கினாள். இவன் வழக்கம்போல் குனிந்துகொண்டான். கழுத்தில் அன்று கேமராகூட இல்லை, தரையைத்தான் பார்த்தான்.

“சுத்த மறந்துட்டேன். எப்பவும் மறக்க மாட்டேன். நீங்க திடீர்னு மைக்ல…”

அவள் கேட்டதாகவே தெரியவில்லை. படத்தைப் பார்த்தாள். தலைக்கு மேல் தொங்கிய கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். திரும்பப் படத்தைப் பார்த்தாள். அறிவிப்பே இல்லாமல் ஏதோ ஒரு வண்டி வந்து, ஆள் இறங்கி, ஆள் ஏறி, அதுவும் போய்விட்டது.

“வேலைக்குச் சேந்த நாள்லருந்து இந்தக் கடிகாரத்தைப் பாத்துத்தான் பேசிட்டு இருக்கேன்” என்றாள் கடைசியில். “இப்ப அதுக்குள்ளயே உக்காந்திருக்கேன்.” என் பக்கம் திரும்பினாள். “நான் நிழற்படம்தானே கேட்டேன்? முதல்ல நிழல் மட்டும் வந்துச்சு. இதுதான் நிழற்படம்.”

“அப்போ…?” என்றேன் நான். அவன் கேட்கமாட்டான், யாராவது கேட்க வேண்டுமே.

“மேல பேசலாம்” என்றாள்.

என் கொழுந்தன் சட்டென்று தலையை நிமிர்த்தி மாடியில் இருந்த கண்ணாடி அறையைப் பார்த்தான். “மேலயா? அங்க வெளியாளை விடுவாங்களா?”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஒலிபெருக்கியில் போட்டிருந்தால், தாமதமாக வரும் வண்டிகள்கூட வேகமாக வந்திருக்கும். “வார்த்தையை இப்படிப் பிடிச்சுத் தொங்கறீங்களே! சரி, வாங்க. லிஃப்டும் கறமுறன்னு சத்தம் போடுது, அதையும் பாத்துடுங்க.”

இரண்டு பேரும் லிஃப்டில் போனார்கள். நான் நடைமேடையில் நின்றேன். அந்த லிஃப்ட் மேலே போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு புத்தகம் படித்து முடித்திருக்கலாம். அதில் இருந்தது ஒரே ஒரு மாடி.

இப்போது அவர்கள் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில்தான் இருக்கிறார்கள். குளியலறையும் அங்கேயே போய்விட்டதால் என் கணவர் சுகமாக இருக்கிறார். அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நிஜக் கடிகாரம் அதற்குப் பக்கத்திலேயே ஓடுவதால், வருகிறவர்களுக்கு எதில் மணி பார்ப்பது என்று குழப்பம். சாப்பிட அழைப்பதைக்கூட அவள், “குடும்ப உறுப்பினர்களின் கனிவான கவனத்திற்கு” என்றுதான் ஆரம்பிப்பாள். அதைக் கேட்டு என் கணவரும் இங்கிருந்து கிளம்பிவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தெருத்தெருவாகக் கட்டடம் பார்க்கப் போகிறார்கள். அவன் குனிவான். வலது என்று அவன் சொன்னால் அவள் இடது பக்கம் நகர்வாள். அந்த வித்தை படிந்துவிட்டது. க்ளிக் என்றதும் அவளே கேட்பாள், “சுத்தியாச்சா?”

“சுத்தியாச்சு.”

போன வாரம் அவர்களோடு நானும் போயிருந்தேன். வங்கிக் கட்டடத்தின் நிழல் எதிர்ச்சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அதை எடுத்தான். பிறகு அவளை எடுத்தான். இரண்டுக்கும் நடுவே “சுத்தியாச்சு” என்றான். ஆனால் அவன் கை குமிழின் பக்கமே போகவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்கும் தெரியும்.

“அண்ணி,” என்றான், தலையை நிமிர்த்தாமல். “கொஞ்சம் நகருங்க.”